ஒற்றைச் சொக்ஸ்

வலது காலோடு சுகிர்தமலருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. சொன்ன சொல் கேட்கிற கால் அது. மெல்லிய சொக்ஸை விரலில் கொளுவி, குதி குதியில் வந்து குந்துகிறதா என்று பார்த்து, முழங்கால் வரைக்கும் ஒரு சுருக்கு விழாமல் இழுத்துவிட, நல்ல பிள்ளையாகப் பேசாமல் இருந்தது. வில்லங்கம் எல்லாம் இந்த இடதோடுதான். அது இன்னும் காலையில் போட்ட தடித்த, மொத்தக் கம்பளிச் சொக்ஸுக்குள் கிடக்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. இல்லை, கால் பாவம் என்ன செய்யும், மாட்டேன் என்கிறவள் இவள்தான். ஒரு கையில் மெல்லிய சொக்ஸ், அதன் நுனியில் இடது என்று ஒரு எழுத்தே போட்டிருக்கிறான், சொக்ஸுக்கும் இடம் வலமா என்று புருஷன் சிரித்த சிரிப்பு. மற்றக் கை மொத்தச் சொக்ஸின் விளிம்பைப் பிடித்தபடி கழற்றுவதும் இல்லை விடுவதும் இல்லை. மலைக்கு லிஃப்ட் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் உடுப்பு மாற்றுகிற மர அறை இது. குந்துகிற வாங்கு நிறைய ஈரக் கையுறையும் தலைக்கவசமும் யாரோ பாதி கடித்து வைத்த வாழைப்பழமும். பூட்ஸ் இரண்டும் காலடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. ஸ்னோபோர்டுக்கு எல்லாரும் போடுகிற மெத்தென்ற பூட்ஸ் இல்லை, ஹார்ட் பூட்ஸ். கட்டிப் பிளாஸ்டிக் கோது, முன்னால் கொளுக்கிகள், பூட்டினால் கணுக்கால் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். நீட்டு ஒடுக்கப் பலகை ஒன்றில் அதைக் கொளுவிக்கொண்டு, பலகையின் ஓரத்தாலே பனியைக் கீறி இறங்குகிற ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒரு மேசை நிறையக் காணாது. அந்த மேசையில் ஒரு கதிரை யாழ்ப்பாணத்துக் கதிரை. அதை நினைக்கிற நேரமெல்லாம் சுகிர்தமலருக்கு முதுகு தன்பாட்டில் நிமிரும், ஐம்பது வயது முதுகு.

நிமிரட்டும். நிமிர்ந்து என்ன, சொக்ஸ் ஏற வேண்டுமே. இன்றைக்கு ஊர்க் கழகத்தின் பந்தயம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை, கொடி சுற்றிக் கொடி சுற்றி இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்குவது. வெல்வது தோற்பது அல்ல இவளுடைய கவலை. கீழே வந்து சேர வேண்டும். போன வருடம் வந்து சேரவில்லை. போன வருடம் இரண்டு காலிலும் அடுக்கு. பருத்திச் சொக்ஸ், அதற்கு மேல் கடைப் பை, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேலும் கம்பளி. சுவிஸுக்கு வந்த எங்கடை சனத்தில் முதல் குளிருக்கு இதைச் செய்யாத ஆள் இருந்தால் கையைத் தூக்கட்டும். விடியற்காலையில் பேப்பர் போடப் போனவன், பஸ் தரிப்பில் நின்றவள், யார் காலில் கடைப் பை கட்டாமல் இருந்தது. பூட்ஸின் கொளுக்கியைப் பூட்டவே புருஷன் பத்மநாதன் முழங்காலால் அமத்த வேண்டி வந்தது, இறுக்கம் என்றால் நல்லதுதானே, குளிர் உள்ளே வராது என்று இரண்டு பேருமாகச் சந்தோஷப்பட்டார்கள். பாதி மலையில் கால் காணாமல் போனது. நோகவில்லை, நொந்திருந்தால் பரவாயில்லை. விரலில் ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் ஊன்றுவதற்கு ஒன்றுமே இல்லை. பலகை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், நடுப்பாதையில் குந்திவிட்டாள். மீட்புக்காரர் வந்து சறுக்கு வண்டிலில் சோற்றுப் பார்சல் மாதிரிச் சுற்றிக் கட்டி இறக்கினார்கள், கீழே இரண்டு கார் நிறைய வந்து நின்ற தமிழ்ச் சனம் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தது. மாஸ்டர் பெண்சாதி, அவவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும், ஒருவருக்கும் தெரியாது, கிட்ட வந்து தோளைத் தடவி, "ஆனைக்கும் அடி சறுக்கும் பிள்ளை, அம்பது வயசிலை உது என்னத்துக்கு" என்றா. சறுக்கத்தானே போனது, சறுக்காமல் குந்தினதுதானே வெட்கம். அந்த எரிச்சலில், திரும்பிப் போகிற காரில், பின் சீற்றில் அவ இருக்கத்தக்கதாகவே சுகிர்தமலர் சொல்லிவிட்டாள்: அடுத்த வருடம் கடைசிக் கொடி தாண்டிக் கீழே வராவிட்டால் பலகையையும் பூட்ஸையும் ஆருக்கும் குடுத்துப்போட்டுக் குசினியோடு இருக்கிறேன். சொன்னது சொன்னதுதான். வாய்க்கும் ஒரு கொளுக்கி வைத்துப் பூட்டியிருக்கலாம்.

மெல்லிய சொக்ஸ்தான் சரி என்று தெரியாமல் இல்லை. அதுதான் கேவலம். பூட்ஸ் கடைக்காரன் வருடக்கணக்காகச் சொன்னான், ஒன்று, ஒன்றே ஒன்று, மெல்லியது, பருத்தி கூடாது. இவளும் வருடக்கணக்காகத் தலையை ஆட்டிவிட்டு வந்து மூன்று போட்டாள். வெள்ளைக்காரனுக்குக் குளிர் பிறந்த வீட்டுச் சாமான், அவனுக்கு ஒன்று காணும், எங்களுக்குக் காணுமா. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழல் புட்டு அவிக்கிறபோதுதான் பிடிபட்டது. அவசரத்தில் மாவைக் குழலுக்குள் அமுக்கி அடைத்துவிட்டாள், பானை கொதிக்கிறது, கொதிக்கிறது, மேலே ஆவி வருகிற பாட்டைக் காணவில்லை, தட்டிப் பார்த்தால் அடியில் களி, மேலே பச்சை மா. அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அடைத்தால் ஆவி எங்காலே ஏறும். இரத்தமும் அப்படித்தானே. அந்த மாதிரி ஒரு விளக்கம் தனக்கு வந்ததில் இவளுக்கு இருந்த பெருமையும் புளுகமும் கொஞ்சநஞ்சம் இல்லை, பத்மநாதனைக் கூப்பிட்டு அந்தப் பச்சை மாவையே காட்டினாள். அடுத்த நாளே போய் மெல்லிய சொக்ஸ் வாங்கினாள், வலது காலுக்கு ஒரு அளவு, இடது காலுக்கு அதிலும் சின்ன அளவு, இரண்டு சோடி வாங்கித்தான் அப்படி ஒரு சோடி எடுக்கலாம், மிஞ்சினதைப் பத்மநாதன் வீட்டில் இழுத்து இழுத்துப் போடுகிறார். வாங்கினாளே ஒழிய, இந்தக் குளிர்காலம் முழுக்க என்ன செய்தாள்? வலதுக்கு மெல்லியது, இடதுக்கு மொத்தம். உலகத்தில் வேறு யாருக்கும் இந்த மூளை வந்திராது. வலது கால் பொழுதுபடும் வரைக்கும் பவுண் மாதிரி இருக்கும், இடது கால் கொஞ்ச நேரத்தில் கட்டை. ஒரே உடம்பு, ஒரே பனி, கண் முன்னால் சாட்சி, பிறகும் அடுத்த சனிக்கிழமை அதே வலதுக்கு மெல்லியது, இடதுக்கு மொத்தம். விறைக்க முதல் இடையில் நின்று காலை உதறிவிட்டு இறங்கலாம் என்பதால் பழகுகிற நாளில் சமாளித்தாள். பந்தயப் பாதை நீளம். அதில் உதற நேரம் இல்லை.

கதவில் தட்டுகிற சத்தம். தட்டுகிற விதத்திலேயே ஆள் தெரியும், தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு தட்டு. "இஞ்சரும், ஆக்கள் இருக்கினமோ உள்ளுக்கை?" என்றார் பத்மநாதன் வெளியே நின்று. "மோனிக்கா மட்டும்தான். உள்ளுக்கை வராதேங்கோ." "நான் ஏன் வாறன். கையை மட்டும் நீட்டும்." கதவு இடுக்கால் இன்னொரு சோடி கம்பளிச் சொக்ஸ் வந்தது, ஹீற்றர் மேலே வைத்துச் சூடாக்கினது, பாண் மாதிரிச் சூடு. அந்தச் சூடு உள்ளங்கையில் பட்டதும் இடது கால் தன்பாட்டில் அதை நோக்கித் திரும்பினமாதிரி இவளுக்கு இருந்தது. "வேண்டாமப்பா. ஒண்டுதான் போடுறது எண்டு முடிவெடுத்தாச்சு." "இடதுக்குமோ?" அவள் சூடான சோடியை வாங்கில் வைத்தாள். "ஆழம் தெரியாமல் காலை விடாதையும்" என்றார். "பனியிலை என்ன ஆழம்." "நான் சொல்லுறது உமக்கு விளங்குது. ஒண்டு போனது காணும்." ஒன்று போனது. இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இருக்கிற கதை அது, கதவுக்கு வெளியே நின்று கதைக்கிற கதை இல்லை. "சனம் வந்திட்டுதோ?" என்று பேச்சை மாற்றினாள். "வந்திட்டுது. மாஸ்டர் பெண்சாதி இருக்கக் கதிரையும் கொண்டந்திருக்கிறா." பிறகு குரலைத் தணித்து, "சுகிர்தா, நீர் போன வருஷம் காரிலை சொன்னது ஒண்டும் என்ரை காதிலை விழேல்லை. இண்டைக்கு வராட்டிலும் பலகை வீட்டிலை நிக்கும், நான் குடுக்கவிடன்" என்றார். நல்ல மனிதன், அதுதான் இவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சொன்னது நான். விழேல்லை எண்டு நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்? போய் வடிவா நிண்டு வீடியோ எடுங்கோ." "பற்றறி நிறைய இருக்கு" என்றார், காலடி நொறுக் நொறுக்கென்று தூரப் போனது. வேலையிடத்தில் ஒருவரையும் விடாமல் அந்த வீடியோக்களைக் காட்டுகிறவர் அவர், என்ரை மனிசி, என்ரை மனிசி என்று, நின்றுபோன வருடத்து வீடியோவில்கூட நிற்கிறதுக்கு முந்தின பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

அதுவும் வடிவான பகுதிதான், பொய் சொல்லக்கூடாது. கொடிகளுக்கு நடுவில் இவள் சரிகிற சரிவு, இடுப்பு பனியில் முட்டுமோ என்று பார்க்கிறவன் மூச்சைப் பிடிக்க, முட்டாமல் நிமிர்ந்து மற்றப் பக்கம் சரிவது. யார் படிப்பித்தது? ஒருவரும் இல்லை. மலைமேல் சாப்பாட்டுக்கடையின் குசினியில் கோப்பை கழுவுகிற தொட்டிக்கு நேரே யன்னல், யன்னலுக்கு நேரே சரிவு, தொட்டியில் கையை வைத்துக்கொண்டு எத்தனை குளிர்காலம் பார்த்தாள். எல்லாரும் பனியை வழித்துக்கொண்டு இறங்குவார்கள், சட்டி சுரண்டுகிற மாதிரிச் சர்ரென்று சத்தம். ஒரு நாள் ஒருத்தி வந்தாள், நீட்டு ஒடுக்கப் பலகை, ஹார்ட் பூட்ஸ், சத்தமே இல்லை, அவள் போன பிறகு பனியில் ஒரு கோடு மட்டும் இருந்தது, கத்தியால் கீறின மாதிரி மெல்லிய கோடு. சுகிர்தமலர் கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு யன்னலைத் துடைத்துப் பார்த்தாள். எனக்கும் இது வேணும் என்று நினைத்தாள். வீடு வேணும், கார் வேணும், தங்கச்சிக்குக் கலியாணம் முடிய வேணும் என்று அதுவரைக்கும் எத்தனையோ வேணும், ஒன்றும் இப்படி நெஞ்சில் வந்து குத்தினதில்லை. நாற்பது தாண்டின பிறகு பழைய பூட்ஸ் ஒன்றுக்குள் காலை விட்டு, விழுந்து, முதுகு நீலமாகி, குளியலறையில் ஒளித்து எண்ணெய் பூசி, திரும்பப் போய் விழுந்து, ஒரு நாள் பின்னால் திரும்பிப் பார்க்க அந்தக் கோடு இருந்தது, தன்னுடைய கோடு. அழுதாள். பனிக் கண்ணாடிக்குள் அழுதால் ஒருவருக்கும் தெரியாது, அது ஒரு வசதி. அந்தக் கோட்டைப் போட்டவள் ஒரு சொக்ஸுக்குப் பயந்து வாங்கில் குந்தியிருக்கிறாள். கேட்டால் கழுதையும் சிரிக்கும்.

பயம் சொக்ஸுக்கு இல்லை, மெல்லியதுக்கு. மெல்லியது என்றால் வெள்ளை, கரையில் பூ வைத்த வெள்ளைச் சொக்ஸ், கொழும்பில் விமானம் ஏற முதல் நாள் வாங்கினது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வடிவா இருக்கு என்று கடைக்காரி சொன்னாள், இருபது வயதில் அது காணாதா. துணிச் சப்பாத்துக்குள் அந்த ஒன்று. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவிலான எல்லை என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது, லொறியால் இறக்கிவிட்ட ஏஜன்சிக்காரன் கையைக் காட்டி, கொஞ்சத் தூரம்தான், அந்தக் காட்டுக்கு அங்கால் வாகனம் நிற்கும் என்றான். வெள்ளைப் பகல், பனிப்புகார், முன்னால் போகிற ஆளின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. கூட வந்த ராஜினி அக்கா கெட்டிக்காரி, கிடந்த சொக்ஸ் எல்லாம் போட்டு, கடைப் பையைச் சுற்றி, அதற்கு மேல் புருஷனின் பெரிய சப்பாத்து, பார்க்கத் தாரா நடக்கிற மாதிரி, இவள் சிரித்தாள். நீயும் போடடி, பையில் இருக்கு என்று அக்கா சொன்னதுதான், இவள் வேண்டாம் என்றாள், கொஞ்சத் தூரம்தானே, தவிர சப்பாத்துக்குள் கொள்ளாது, தவிர வடிவில்லை. வடிவில்லை என்று சொன்னவளை இன்றைக்குக் கண்டால் கன்னத்தில் ஒன்று போடலாம். முதலில் கடித்தது. நாய் கடிக்கிற மாதிரிக் கடித்தது, பிறகு எரிந்தது, பிறகு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாதபோது, பரவாயில்லை பழகிவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் மோசம், அந்தச் சந்தோஷம். ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாத டொக்டர் தன் சுண்டுவிரலைக் காட்டி, பிறகு அதை மடக்கிக் காட்டினார். இடது காலின் சின்ன விரல். ராஜினி அக்கா கனடாவில் பத்து விரலோடும் இருக்கிறா, பிள்ளைகளின் கலியாணப் படம் அனுப்புவா, பத்து விரலும் தெரியச் செருப்புப் போட்டிருப்பா, வேண்டுமென்று போடுகிறாவா என்று இவளுக்குச் சில நேரம் தோன்றும், பாவம், அந்த மனிசி அப்படி நினைக்கிற ஆள் இல்லை. ஆனபடியால் ஒற்றைச் சொக்ஸ் போட்டவளுக்கு விரல் போனது, அடுக்கிப் போட்டவளுக்கு இருக்கிறது. புட்டுக்குழல் என்ன சொன்னாலும் இடது கால் கேட்கிற பாடம் இதுதான். அந்த ஒற்றைச் சொக்ஸ் நனைந்தது என்பதும், துணிச் சப்பாத்து பஞ்சு மாதிரித் தண்ணீர் குடித்தது என்பதும், இந்த பூட்ஸுக்குள் ஒரு துளி போகாது என்பதும் தலைக்குத் தெரியும். தலை மேலே இருக்கிறது, கால் கீழே கிடக்கிறது, நடுவில் எவ்வளவு தூரம்.

முப்பது வருடம் அந்தக் காலைப் புருஷனைத் தவிர ஒருவருக்கும் காட்டினதில்லை. கோயிலில்கூட, கோயில் என்றால் தொழிற்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தளம், சப்பாத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஆடி மாதத்திலும் மொத்தச் சொக்ஸோடுதான் பிரகாரம் சுற்றுவாள். உமக்கு வேர்க்காதோ என்று பெண்கள் கேட்டால் எனக்குக் குளிர்க் கால் என்பாள். குளிர்க் கால். மொத்தச் சொக்ஸுக்குள் விரலில்லாத பள்ளம் தெரியாது, மெல்லியதில் தெரியும், ஆக மொத்தத்தில் குளிர் பாதி, வீம்பு பாதி. அது இப்போதுதான், இந்த வாங்கில் இருந்து கொண்டுதான், இவளுக்கே விளங்குகிறது. விறைக்கிறது என்று தெரிந்தும் மூடி வைத்திருந்தது விரலைக் காக்க இல்லை, விரல் இல்லை என்பதைக் காக்க. இது என்ன புதினமடி சுகிர்தா என்று தன்னையே கேட்டாள். வெளியே ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர் வாங்கில் மோனிக்கா, பேக்கரிக்காரி, இன்றைக்கு இவளுக்குப் பக்கத்துப் பாதையில் இறங்கப் போகிறவள், கொளுக்கி பூட்டிக்கொண்டிருக்கிறாள். சுகிர்தமலர் மொத்தச் சொக்ஸைப் பிடித்து, புண்ணில் ஒட்டின துணியை இழுக்கிற மாதிரி, ஒரே இழுவையில் கழற்றினாள். கால் வெளியே வந்தது, வெளிறின கால், நாலு விரலும் ஒரு சின்ன மழுக்கலும். மோனிக்கா பார்த்தாள். பார்க்கத்தானே செய்வாள், கண் இருக்கிறது. "குளிர் எடுத்ததா?" என்று கேட்டாள் ஜெர்மனில், இவள் ஓம் என்றாள். "எனக்கு முழங்காலுக்குள்ளே இரும்பு" என்று மோனிக்கா தன் காலைத் தட்டிக் காட்டிவிட்டு, "இது மழைக்கு முதல் நோகும், வானிலை அறிக்கையை விடத் திறம்" என்று சொல்லித் திரும்பவும் கொளுக்கியைப் பூட்டத் தொடங்கினாள். அவ்வளவுதான். முப்பது வருடம் மூடி வைத்ததற்கு மரியாதைக்காவது கொஞ்சம் அதிர்ந்திருக்கலாம். இவளுக்குச் சிரிப்பு வந்தது.

மெல்லிய சொக்ஸ் ஏறியது. சின்ன அளவு, பள்ளத்தில் சுருக்கு விழாமல் தோலோடு தோலாக ஒட்டியது, குதி குதியில். உள்ளே போட்ட நீட்டுக் காற்சட்டையின் விளிம்பைச் சொக்ஸுக்குள் செருகாமல் மேலே விட்டாள், செருகினால் அதுவும் ஒரு அமத்தல். பூட்ஸுக்குள் கால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கொளுக்கிகளை இறுக்கினாள், கடைசிப் பல்லுக்குப் போன கையைத் திருப்பி ஒரு பல் தளர்த்தினாள், ஆவிக்கு இடம் விடு. பத்மநாதன் தந்த சோடி வாங்கில் ஆறிக்கொண்டு கிடந்தது, அதைப் பார்க்காமல் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். லிஃப்டில் இடது காலை மட்டுமே நினைத்துக்கொண்டு ஏறினாள், பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வந்தவள் மாதிரி, இருக்கிறாயா, இருக்கிறாயா. விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள். இருக்கிறது. இப்போது இருக்கும், ஏன் இருக்காது, அந்தக் காட்டிலும் முதல் கொஞ்ச நேரம் இருந்ததுதானே. மேலே காற்று வேறு, பல்லுக்குள் போகிற காற்று. முன்னால் பெயர் வாசித்த சோடிகள் ஒவ்வொன்றாகப் போக, இவளும் மோனிக்காவும் நகர்ந்து நகர்ந்து பந்தயம் தொடங்குகிற வாசலுக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் பிடிகம்பு, அதைப் பிடித்துப் பின்னால் போய் முன்னால் உன்னிப் பாய வேண்டும். கீழே சனம் புள்ளி புள்ளியாய். அதில் எந்தப் புள்ளி பற்றறி நிறைய இருக்கிற புள்ளி என்று இவளுக்குத் தெரியும்.

ஊதினார்கள். உன்னினாள். முதல் கொடி, இரண்டாவது கொடி, குதிப்பக்கம், விரல்பக்கம், பலகை ஓரத்தில் ஏறிக் கீறுகிறது, சத்தம் இல்லை, அது நல்ல குணம், சத்தம் வந்தால்தான் பிழை. பக்கத்தில் மோனிக்காவின் நிழல், முந்துகிறாள், முந்தட்டும், இரும்பு முழங்கால், நல்லாயிருக்கட்டும். விரல்பக்கம் சரிந்து விரலை அமத்த, இருக்கிறது, அமத்தினது பலகைக்குப் போகிறது, பலகை திரும்புகிறது, அப்பாடி. குதிப்பக்கம். அடுத்த விரல்பக்கத்தில் கடித்தது. இடது காலில், நாய் கடிக்கிற மாதிரி. வந்துவிட்டது. முதலில் கடிக்கும், பிறகு எரியும், பிறகு ஒன்றும் இல்லை, ஒழுங்கு எனக்குத் தெரியும், நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கொடி வருகிறது, போன வருடம் குந்தின கொடி, அதில் குந்தினவள் இன்னும் அங்கேயே குந்தியிருக்கிறமாதிரி, எழும்படி, விலத்தடி, சுற்றினாள். எரிகிறது. அடுத்தது அந்த ‘ஒன்றும் இல்லை’தான். இந்தக் கொடிக்கு வரும், இந்தக் கொடிக்கு வராவிட்டால் அடுத்த கொடிக்கு, அது வந்தால் எப்படித் திரும்புவது, வலதாலே திரும்பு, வலது பவுண், வலதை நம்பு, இல்லை இடதுதான் முன்கால், இடது இல்லாமல் ஒரு மண்ணும் இல்லை. கடிக்கிறது. இன்னும் கடிக்கிறது. ஏன் நிற்கவில்லை? அந்தக் காட்டில் இவ்வளவு நேரத்துக்குள் நின்றுவிட்டதே. வலி போகாமல் கூடவே வந்தது, ஒரு கொடிக்கு, அடுத்த கொடிக்கு, கைபிடித்துக்கொண்டு வருகிற ஆள் மாதிரி விடாமல் வந்தது, இவள் அதிலேயே ஊன்றினாள், நோகிற இடத்திலேயே ஊன்றினாள், ஊன்ற ஊன்றப் பலகை சொன்ன சொல் கேட்டது, இடுப்பு பனியில் முட்டுமோ என்று கிட்டப் போய் முட்டாமல் வந்தது, கடைசிக் கொடி எது என்று தெரியாமலே கடைசிக் கொடி பின்னால் போய்விட்டது.

மோனிக்கா எப்போதோ வந்து நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுகிர்தமலர் பலகையைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டு, விழாமல், யாரையும் பிடிக்காமல், தன் காலிலேயே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் கோடு, எத்தனை பேருடைய கோடுகளுக்குள்ளும் தன்னுடையது எது என்று பெற்ற தாய்க்குப் பிள்ளை தெரிகிற மாதிரித் தெரிந்தது. பத்மநாதன் வீடியோவை நிற்பாட்ட மறந்து போனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, பனியில் புதைந்து புதைந்து ஓடி வந்தார். பின்னால் தமிழ்ச் சனம், மாஸ்டர் பெண்சாதி கையில் பிளாஸ்கோடு. பத்மநாதன் வென்றீரா தோற்றீரா என்று கேட்கவில்லை, வாழ்த்தவும் இல்லை, அப்படியே முழங்காலில் குந்தி இடது பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கால் என்னமாதிரி? விறைச்சுப்போச்சுதோ? சொல்லும், சொல்லும்."

சுகிர்தமலர் உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பெரியது, அடுத்தது, அதற்கடுத்தது. நாலில் ஒன்றும் விடுபடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து முறைப்பாடாக மட்டுமே அவள் வாயில் வந்த ஒரு சொல் வந்தது.

"குளிருது" என்றாள். அவருக்கு விளங்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார். "குளிருதப்பா. எல்லா விரலும் நல்லாக் குளிருது" என்றாள், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.